மாலை விழுந்த ஓவியம்

தேர்வுக் கண்காணிப்பு முடிந்து போனைத் திறந்தால், ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கல்’. யாருக்கு என்று மேலே தள்ளிக்கொண்டே போனேன். தெரேசா மேடம். காலையில் மாரடைப்பாம்.

எங்கள் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் இருந்தவர். கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அண்ணன்மார் இருவரும் பிரான்சில். “அங்க என்னதான் இருக்கு, கிளம்பி வான்னு கூப்பிடறாங்க சார். நாளைக்கு ரெண்டாவது பீரியட் இருக்கேன்னு சொல்லிட்டேன்” என்று சிரிப்பார். அவரை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கும்.

மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய்ப் பார்த்து அலுத்தவர் அவர். “உள்ள போனதும் பயந்துடறாங்க சார். படம் நம்ம வாசலுக்கு வரட்டும்” என்றார். அனுமதி வாங்கி, அங்குள்ள ஓவியங்களைப் பெரிய பிளெக்ஸில் அச்சடித்தார். எந்தப் படம், எந்த இடம் என்பதெல்லாம் மாணவர்கள் முடிவு. ராஜாக்களை ஒதுக்கிவிட்டு, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரி வாசலில் நிறுத்தினார்கள்.

நம் ஊரில் ரோட்டோரம் ஒரு முகம் பெரிதாக நின்றால் பிறந்தநாள், இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. இந்தப் பெண் சிரிக்கவும் இல்லை. விடிந்ததும் யாரோ மாலை போட்டுவிட்டார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் கூடையை இறக்கி வைத்து, “யாரு டீச்சர் எறந்தது? சின்ன வயசா இருக்கே” என்று மேடத்திடம் கேட்டிருக்கிறார்.

“யாரும் எறந்துபோகலக்கா. பழைய படம். பேரு தெரியல.”

“பேரு தெரியாதவளுக்கா இம்மாம் பெரிய போர்டு?”

“அதனாலதான்க்கா வச்சோம்.”

அந்த அம்மாள் நகரவில்லையாம். “கையப் பாருங்க. வேல செஞ்ச கை” என்றாராம். அதுவரை மாணவர்கள் முகத்தை மட்டுமே பார்த்திருந்தார்கள்.

இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. வளாக ஒழுங்குக்குப் பொறுப்பாளனான நான் அன்று வாசல் பக்கமே போகவில்லை. யார் செத்தது, கல்லூரி லீவா என்று போன் மேல் போன். எரிச்சலில், மதியத்துக்குள் படத்தை எடுக்கச் சொல்லி நாற்காலியில் இருந்தபடியே எழுதிக் கொடுத்தேன். மேடம் படித்துப் பார்த்தார்.

“ஒரு மணி நேரம் என்கூட வந்து நில்லுங்க சார். படம் பாதி, பதில் சொல்ற ஆள் பாதி. அப்புறம் எடுத்துடறோம்.”

“வேலை இருக்கு மேடம்” என்றேன். என்ன வேலை என்று இன்று ஞாபகமில்லை.

படத்தை எடுத்துவிட்டார்கள். மறுநாள் மேடம் வழக்கம்போல, “டீ சாப்பிட்டாச்சா சார்?” என்றார். சண்டை போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தும் அதை அவரிடம் சொல்லவே இல்லை. மறு ஆண்டு கண்காட்சி நூலகத்துக்குள் போனது. போகிறவர் வருகிறவர் யாரும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம், ஒரு நாள் காலையில் இரண்டு மாணவிகள் தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தார்கள். மேடம் கடைசியாக அச்சடித்து வைத்த ஓவியங்களை வெளிச்சுவரில், பஸ் ஸ்டாப் ஓரமாக மாட்டலாமா என்று கேட்டார்கள். “கூடாது” என்று சொல்லத்தான் வாய் திறந்தது. குடையை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனேன்.

சாயங்காலம் வரை நின்றேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை மாணவிகள் சொன்னார்கள். மறுப்பதற்கு முன் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும். தெரேசா மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இவ்வளவுதான். அவர் கேட்டது ஒரு மணி நேரம். அன்று நான் நின்றது முழு நாள். பக்கத்தில் அவர் இல்லை.