பேசிக் கழற்றிய தோடு

ஒரு பெண்ணின் காதிலிருந்த தோட்டை நான் பேசியே கழற்றினேன். கத்தி காட்டவில்லை, கை வைக்கவில்லை. ஏற்ற இறக்கத்தோடு, கண்ணில் நீர் துளும்பப் பேசினேன்... அவளே கழற்றித் தட்டில் போட்டாள். அந்தப் பேச்சுக்கு அடியில் ஒரு பொய் இருந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் கப்பலேறிப் பிழைக்க வந்த நாட்டை ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த காலத்தில், புக்கிட் பெலண்டோக் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் டிரசர். அதாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு மருந்து வருவது நின்றுவிட்டது. அலமாரி நிறையக் காலிப் போத்தல்கள். காய்ச்சல்காரன் வந்து நின்றால் என்னத்தைக் கொடுப்பது? பேச்சைக் கொடுத்தேன்!

வேப்பிலைக் கஷாயத்தை நீட்டி, அதன் மகிமையை நான் விவரிக்கிற விவரிப்பில் நோயாளி எழுந்து உட்கார்ந்துவிடுவான். "டிரசர் ஐயா பேசினாலே போதும்லா, உடம்பு லேசாயிடுது" என்பார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தலை கனத்துவிட்டது. பொய் சொல்வானேன், இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

அந்த நாளில் இந்தியாவின் விடுதலைக்கென்று தோட்டம் தோட்டமாகக் கூட்டம் போட்டு நகை திரட்டினார்கள். எங்கள் பெரட்டுக் களத்துக்கும், அதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற திடல், செரம்பானிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். அப்பப்பா, என்ன தமிழ்! பாதி எனக்கே விளங்கவில்லை. வெயில் ஏறும்வரை பேசினார். சனம் தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு மூக்குத்திகூட விழவில்லை. "உயிரில்லாத தோட்டம்" என்று சொல்லிவிட்டு அவர் லாரி ஏறினார்.

எங்கள் கங்காணிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. "அடுத்த வாரம் நம்ம டிரசர் பேசட்டும். பார்த்துடலாம்" என்றார்.

எங்கள் சனத்துக்கு உயிர் இல்லாமல் இல்லை. முதல் கைதான் இல்லை. எங்கள் கல்யாணம் ஒன்றைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சாளருக்கு விளங்கியிருக்கும். தாய்மாமன் மொய் வைக்கிறவரை ஒருவனும் மடியை அவிழ்க்கமாட்டான். தாய்மாமன் வைத்துவிட்டாலோ, நான் முந்தி நீ முந்தி என்று இடித்துக்கொண்டு வருவார்கள். ஆக, என் பேச்சுக்கு ஒரு தாய்மாமன் வேண்டும்... யார்?

என் மனைவி செல்லம். டிரசரம்மாவே தாலிக்கொடியைக் கழற்றிப் போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் அந்தச் சங்கிலியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அரிசி கண்ணில் படாத காலம். நாளைக்கு ஒன்று என்றால் எங்களிடம் இருந்த ஒரே பொன் அதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருவிழா நாடகப் பெட்டி ஆஸ்பத்திரிச் சாமான் அறையில்தான் கிடந்தது. அதைத் திறந்து ஒரு கில்ட்டுச் சங்கிலியை எடுத்துவந்தேன்.

"ஏங்க, இது ராணி வேஷத்துக்குப் போட்டதுல்ல?" என்றாள் செல்லம்.

"நீ எனக்கு ராணி இல்லையா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றி, மேலே கில்ட்டைப் போட்டுக்கொண்டாள். அசல் சங்கிலி பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. இருவருக்கும் அது ஒரு குறும்பாகத்தான் இருந்தது. நீங்கள் நம்ப வேண்டும்... நம்பினால்தான் என்ன, குற்றம் குறைந்துவிடுமா?

அன்று நான் பேசியதுபோல் என் ஆயுளில் பேசியதில்லை. பெரிய வார்த்தை எதுவும் போடவில்லை. கப்பல் ஏறிய நாளைப் பற்றிப் பேசினேன். கரையில் நின்று கையசைத்த தாயைப் பற்றி, அந்தத் தாய் இன்னும் அங்கேயே நிற்கிறாள் என்பதைப் பற்றி. குரலை இறக்கினேன். பிறகு நிறுத்திவிட்டேன். இது நோயாளிகளிடம் கற்ற வித்தை. கஷாயத்தை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சங்கடம் தாங்காமல் அவனே வாங்கிக் குடித்துவிடுவான்.

 செல்லம் எழுந்தாள். சங்கிலியைக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டாள்.

அடுத்து எழுந்தவள் பாக்கியம். ரப்பர்ப் பால்வெட்டுக்காரி, புருஷன் இல்லை, காவேரி என்று ஒரே மகள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற நாளிலும் விற்காமல், மகள் கல்யாணத்துக்கென்று காதிலேயே காத்துவந்த சிவப்புக்கல் தோடு அவளுடையது. அதைக் கழற்றினாள். செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே தாலிக்கொடியைத் தரும்போது எனக்கு என்னக்கா?" என்றாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தாம்பாளம் நிறைந்தது. கங்காணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் கில்ட்டை உரைத்துப் பார்த்த செரம்பான்காரர் என்ன நினைத்தாரோ, யாரும் வந்து கேட்கவில்லை.

பாக்கியம் காது ஓட்டையில் விளக்குமாற்று ஈர்க்கைச் செருகிக்கொண்டாள். யாராவது கேலி செய்தால் தலையை ஆட்டிக் காட்டி, "விடுதலை வரட்டும், வைரத்தோடு போடறேன்" என்று சிரிப்பாள். எங்கள் வீட்டுக்குக் கீரை வரும், ஆற்று மீன் வரும். "அக்காவும் நானும் ஒண்ணாக் கொடுத்தவங்க" என்று ஊரெல்லாம் சொல்வாள். செல்லமோ இருக்கிற சங்கிலியைப் போட முடியாமல், வெளுத்துப்போகிற கயிற்றுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். குறும்பு எங்கள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

சில மாதங்களில் காவேரிக்குக் கல்யாணம் கூடிவந்தது. அந்தக் காலத்தில் ஜப்பான் சிப்பாய்களை நினைத்து, வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க எல்லாருக்கும் பயம். மாப்பிள்ளை மம்பாவ் பக்கம். அரிசியில்லாத விருந்து, மரவள்ளிப் புட்டும் கருவாடும். ஆனாலும் மேளம் இருந்தது, சிரிப்பு இருந்தது.

அன்று காலையில் செல்லம் அசல் சங்கிலியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னிக்கு எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடுங்க. சொன்ன கையோட இதைப் புள்ள கழுத்துல போட்டுடறேன்."

"சொல்லாமலே கொடுத்துவிடலாமே" என்றேன்.

"ஊருக்கே தெரிஞ்ச சங்கிலி. அந்தப் புள்ள இதை எங்க போட்டுக்கும்?"

சரி என்றேன். உண்மையாகவே சொல்லத்தான் எழுந்தேன். "பாக்கியத்துக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். நல்ல ஆரம்பம்தானே? பந்தலே என் பக்கம் திரும்பியது.

"ஐயா, அந்தச் சங்கிலிக் கதையைச் சொல்லுங்கலா" என்றாள் பாக்கியம், ஈர்க்கு செருகிய காதோடு. "சம்பந்தி வீட்டுக்காரங்க கேட்கட்டும்."

அவள் மானத்தைக் காப்பதற்காகத்தான் சொல்லவில்லை என்று உங்களிடம் சாதிக்கலாம். பல வருடம் என்னிடமே அப்படித்தான் சாதித்தேன். இல்லை... அத்தனை முகங்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ருசிதான் காரணம்.

கதையைச் சொன்னேன். கழற்றும்போது செல்லத்தின் கண்ணிலிருந்து ஒரு துளி சங்கிலிமேல் விழுந்ததாகப் புதிதாக ஒன்றும் சேர்த்தேன். மாப்பிள்ளையின் தாய் அழுதுவிட்டாள். பாக்கியத்தின் முகம் பூரித்துக் கிடந்தது. முந்தானை முடிச்சின்மேல் இருந்த செல்லத்தின் கை மெல்லக் கீழே இறங்குவதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பேசினேன்!

தாய்மாமன் மொய் வைத்தார். எல்லாரும் வைத்தார்கள். தாயைப் போலவே காதில் ஈர்க்கோடு காவேரி மம்பாவுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்து செல்லம் முடிச்சை அவிழ்த்தாள். சங்கிலியை டின்னில் போட்டு மூடினாள்.

"நல்லாப் பேசினீங்க" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

செல்லம் மஞ்சள் கயிற்றோடே போய்ச் சேர்ந்தாள். டின் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பாக்கியம் இன்றும் தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவருகிறாள். காவேரியின் பிள்ளைகளை என் முன்னால் வரிசையாக உட்காரவைத்து, "தாத்தாவைச் சங்கிலிக் கதை சொல்லச் சொல்லுங்க" என்கிறாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.