கறிவேப்பிலையில் இருந்த எச்சம்

கல்லூரி முடிந்தும் தோழிகளுக்குள் கைமாறி வரும் நம் நோட்டில், இதற்காக ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னியுங்கள்.

இன்று காலை ரசத்துக்குக் கறிவேப்பிலை ஒடிக்கத் தோட்டத்துக்குப் போனேன். பங்குனித் தளிரில் அங்கங்கே குருவி எச்சம். அந்த இலைகளைக் கிள்ளி அடுப்பில் போட்டேன்.

மதியம் மில் வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டுச் செல்வி, நேரே செடியிடம் போனாள்.

"அக்கா, இதுல ஆறு புழு இருந்துச்சே, பாத்தீகளா? எச்சம் மாதிரியே இருக்கும். தொட்டாச் செவப்புக் கொம்ப நீட்டும்."

"பாக்கலையே" என்றேன்.

"அப்பக் குருவிதான் தின்னுருச்சு, திருட்டுக் கழுத! பட்டாம்பூச்சி ஆனதும் ஒங்ககிட்டதான் பேரு கேக்கணும்னு இருந்தேன். விலங்கியல் படிச்சவியளாச்சே."

தேர்வில் பட்டாம்பூச்சியின் நான்கு பருவங்களையும் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். புழுவை எச்சமென்று அடுப்பில் போட்டது போதாதென்று, எட்டாவதோடு நின்ற செல்வியிடம் பொய்யும் சொல்லிவிட்டேன். பழி குருவி மேல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வத்திராயிருப்பு பஸ்ஸில் வருகிறவர்கள், உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் எச்சம் இருந்தால் தொட்டுப் பாருங்கள். கொம்பு நீட்டினால் கிளையோடு கொண்டு வாருங்கள். வெறுங்கையோடு போய்ச் செல்வியிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.