இரண்டு விசிலுக்குக் கிளம்புகிறவர்

நகரப் பேருந்தில் அவள் நடத்துநர். அதே பேருந்தின் ஓட்டுநர் அவள் கணவர். பயணிகள் அவளை விசிலம்மா என்பார்கள். ஒரு விசில் ஊதினால் அவர் நிற்பார், இரண்டு ஊதினால் கிளம்புவார். வீட்டிலும் ஏறத்தாழ அதே ஏற்பாடுதான். ஒற்றுமைக்குக் காரணம் அன்பு என்று இருவருமே நம்புகிறார்கள்.

சிசேரியனுக்கு மறுநாள் விசிலம்மாவால் இருமக்கூட முடியவில்லை. மூச்சு சீராகட்டும் என்று குழந்தையைப் பிறந்தவுடனேயே நடைவழிக் கோடி அறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. அப்போதுதான் நர்ஸ் ஓடிவந்தார்.

"மூச்சு சரியாயிடுச்சு! வந்து பால் கொடுக்கலாம். தள்ளுவண்டி வரச் சொல்லட்டா, நடக்கிறீங்களா?"

"வண்டிக்கெல்லாம் காத்திருக்க முடியாது. நான் நடக்கிறேன்!"

மாமியார் பதறினார். "எந்திரிக்காதேம்மா, தையல் விட்டுடும்!"

"விடாதும்மா. படுத்தே கிடந்தாதான் காலுல ரத்தம் கட்டிக்கும்," என்றார் நர்ஸ். "ஒருக்களிச்சு, கையை ஊணி எந்திரிங்க. இருமினாலும் சிரிச்சாலும் தலையணையை வயித்தோட அணைச்சுக்குங்க. ஆமா, காத்து பிரிஞ்சுதா?"

நேற்றிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி. வாழ்நாள் முழுக்க அடக்கச் சொன்ன உலகம், இப்போது கைகட்டிக் காத்திருந்தது.

ஒரு கையால் தலையணையை வயிற்றோடு அணைத்து, மறு கையால் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்; நர்ஸும் மாமியாரும் பின்னால் வந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் வயிற்றில் யாரோ சுருக்கென்று இழுத்தார்கள். பாதி வழியில், வெளியே காவலாளி ஏதோ காரைப் பார்த்து ஒரு விசில் ஊதினார்.

கணவர் சடாரென்று நின்றார்.

"ஏங்க நின்னுட்டீங்க?"

"விசில் அடிச்சாங்களே..."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, உயிர் போகுது!" தலையணையை இறுக்கிக்கொண்டு குலுங்கினாள். அந்தக் குலுங்கலில் காற்று பிரிந்தது. ஒன்றல்ல, தெளிவாக இரண்டு.

ஓட்டுநர் உடனே கிளம்பினார்.

"பிரிஞ்சிடுச்சு! இனி நல்லா சாப்பிடலாம்!" என்று நர்ஸ் கைதட்ட, மாமியார் அந்த நற்செய்தியை வார்டு முழுக்க அறிவித்தார். பேரன் பிறந்தபோதுகூட இத்தனை சத்தம் போடவில்லை.

கோடி அறை வாசலை எட்டியபோது, உள்ளேயிருந்து ஒரே ஒரு வீறல். ஓட்டுநர் மறுபடியும் நின்றார்.

"அது பசிங்க, விசில் இல்ல. வழியை விடுங்க."

தலையணையை அவர் கையில் திணித்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். தையலில் படாமல் நர்ஸ் இடுப்போரமாக வைத்துக் கொடுத்த மகன் இன்னொரு முறை வீறிட்டான். வாசலில் நின்றவர், அதற்குத்தான் காத்திருந்தவர் போல, உள்ளே வந்தார்.