மனைவி பேரில் ஒரு ஜாஸ் பெட்டி

என்னிடம் பன்னிரண்டு ஜாஸ் பாக்ஸ் செட்டுகள், அதாவது பல சிடிகளை ஒன்றாக அடக்கி விற்கிற இசைப்பெட்டிகள், இருக்கலாம். பதிமூன்றாவது கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டது வேறு யாருமில்லை, நானேதான்.

எங்கள் சமண வீடுகளில் மிகுபொருள் விரும்பாமை என்றொரு விரதம் உண்டு. இன்ன பொருள் என்னிடம் இவ்வளவுதான் இருக்கும் என்று நாமே ஓர் எண்ணைச் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்ன எண்ணைப் பிறகு குறைக்கலாம், கூட்டக் கூடாது. பல வருஷங்களுக்கு முன்பு மேல்சித்தாமூர் கோயிலில் நானும் மனைவியும் ஒரே நாளில் அந்த விரதத்தை எடுத்துக்கொண்டோம். அவள் புடவை இருபது என்றாள். பீரோவில் இருபத்தாறு இருந்தது. வீட்டுக்கு வந்த கையோடு ஆறு புடவையை எடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள். நான் இசைப்பெட்டி பன்னிரண்டு என்றேன். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஐந்து. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோயிலாச்சே என்று அதோடு விட்டுவிட்டாள்.

நான் அப்படிப்பட்ட ஆள்தான். செஞ்சியில் நெல் மண்டி வைத்திருப்பவனுக்கு எந்த விதியிலும் எங்கே சந்து இருக்கிறது என்று பார்க்கிற புத்தி தானாக வந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். எங்கள் தெருவில் சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டால் அவளுக்குப் பொழுது சாய்ந்தாயிற்று. மலை மறைத்தால் அது அஸ்தமனமா, காலண்டரில் போட்டிருக்கிற நேரம்தான் கணக்கு, இன்னும் ஒரு தோசை சாப்பிட நேரமிருக்கிறது என்று நான் வாதாடுவேன். அவள் தோசைக்கல்லைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஜாஸ் எனக்குப் புதுச்சேரியில் ஒட்டிக்கொண்டது. அங்கே கல்லூரியில் படித்தபோது என் அறைக்குக் கீழே ஒரு பிரெஞ்சு வாத்தியார் குடியிருந்தார். சாயங்காலமானால் டேப்பில் ஜாஸ் ஓடும். முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் அந்தப் பெரிய தந்தி வாத்தியம், அந்த டபுள் பாஸ், மாடிப் படியில் யாரோ நிதானமாக ஏறி வருகிற மாதிரி காதில் விழ ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

விரதம் எடுத்த பிறகு தனி சிடி வாங்குவதை நிறுத்திவிட்டேன். பெட்டிக்குள் மூன்று சிடி இருந்தாலும் இருபது இருந்தாலும் கணக்கில் ஒரு பெட்டிதானே? ஆகவே பருத்த பெட்டிகளாகப் பார்த்துச் சேர்த்தேன். இப்படியே பதினொன்று ஆயிற்று. கடைசி இடத்துக்கு எது என்று இரண்டு வருஷம் யோசித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை என்று மனைவி சொல்வாள். அது உண்மைதான்.

போன தை மாதம், அறுவடை நெல் வந்து குவிந்திருந்த நேரத்தில், புதுச்சேரியில் பழைய சிடி விற்கிறவர் போன் செய்தார். ஒரு வீட்டைக் காலி செய்ததில் இரண்டு பெட்டிகள் வந்திருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வரை எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்று, ஒரு டிரம்பெட் கலைஞர் ஒரே கிளப்பில் ஏழு ராத்திரி வாசித்தது, ஏழு சிடி. அதே பாட்டுகள்தான், ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு வழியில் போகும். இன்னொன்று ஒரு பியானோ கலைஞர் ஸ்டுடியோவில் பதிவு செய்த அத்தனையும், பதினெட்டு சிடி. சரியாக வராமல் பாதியில் நிறுத்தியது, மறுபடி ஆரம்பித்தது, நடுவில் அவர்கள் பேசிக்கொண்டது எல்லாம் அப்படியே இருக்கும்.

எதை எடுப்பது? டிரம்பெட் பெட்டியில் ஆட்கள் சிரிப்பதும் கண்ணாடித் தம்ளர்கள் உரசுவதும் கேட்கும், நாமும் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். பியானோ பெட்டியில் ஒரு மனுஷன் ஒரு மெட்டைத் தேடித் தேடிக் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நெல்லுக்கு விலை கேட்கிறவர்களுக்கு மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டு மூன்று நாள் அதே நினைப்பாக இருந்தேன். நான்காம் நாள் மண்டிக்காரன் புத்தி வேலை செய்தது. இங்கே நிலம் வாங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஒன்றை மனைவி பேரில் வாங்கிவிட்டால்?

அவளுடைய விரதத்தில் புடவைக்கு, நகைக்கு, பாத்திரத்துக்கு எண் உண்டு. இசைப்பெட்டிக்கு இல்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பேருக்கு மட்டும் என்னுதுன்னு சொல்ல முடியாதுங்க. அது பொய்யாப் பூடும். என் பேருல வாங்கினா நெஜமாவே என்னுதா இருக்கணும்."

உன்னுடையதுதான், அதிலென்ன சந்தேகம் என்றேன். பத்திரம் பதிகிற அன்றைக்கு எல்லாக் கணவனும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் வாங்கி வந்து, டிரம்பெட்டை என் பேரிலும் பியானோவை அவள் பேரிலும் வைத்தேன். பியானோ சத்தம் சாதுவானது, வீட்டில் சண்டை வராது என்பது என் கணக்கு. பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். அது என் அலமாரிக்குத் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைத் துடைத்துத் தன் பீரோவில் புடவைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் பியானோ கேட்டது. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு வேலையும் இல்லை. முப்பது வருஷத்தில் கையில் வேலையில்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முதல் சிடியை முதலிலிருந்து கடைசி வரை கேட்டாள். அடுத்த நாள் இரண்டாவது. புரியாவிட்டால் அதையே மறுநாளும் போட்டாள். எதையும் தாண்டிப் போகவில்லை. கடன் வாங்கிக் கேட்கிறவனைப் போல நான் சாயங்காலத்தில் ஒன்றிரண்டை வாங்கிப் போட்டுவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் இட்லி வைத்துக்கொண்டே, ஆறாவது சிடியில் ஒரே பாட்டை நான்கு தடவை வாசிக்கிறாரே, அதில் மூன்றாவதுதான் நல்லது, ஆனால் அந்தக் காலத்தில் ரெக்கார்டாகப் போட்டது நான்காவதை என்று பெட்டியில் இருக்கிற புத்தகம் சொல்கிறது, ஏன் என்று கேட்டாள். அப்படி நான்கு இருப்பதையே நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு மண்டிக்குப் போகாமல் உட்கார்ந்து நான்கையும் கேட்டேன். மூன்றாவதில், முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், இடது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. வலது கை தனியாகப் போய்விட்டுத் திரும்பி வருகிறது. நான்காவதில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அந்த இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு தவிர வேறு சங்கீதம் படிக்காத இவளுக்கு இது எப்படிக் கேட்டது? எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. நாற்பது வருஷமாக ஜாஸ் கேட்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. என் பேரில், என் அலமாரியில். அதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. யாராவது ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் என் மனைவி அதை எடுத்துக் கொடுத்துவிடுவாள். குத்துவிளக்கு, கம்பளி, கல்யாணத்துக்கு அவள் அப்பா வாங்கித் தந்த வெள்ளிக் கிண்ணம் எல்லாம் அப்படிப் போனவைதான். விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற அவள் தங்கை ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். பியானோ பெட்டியைப் பார்த்து அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

அதற்குள் என் பேருக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு என் பன்னிரண்டில் ஒன்று வெளியே போக வேண்டும். அலமாரியின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மூன்று பெட்டிகள் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளோடு அப்படியே இருந்தன. வாங்கி ஐந்தாறு வருஷமான பெட்டிகள். அவற்றில் பருமனானதை எடுத்துப் பார்சல் கட்டி, புதுச்சேரி பஸ் டிரைவரிடம் கொடுத்து சிடிக்காரருக்கு அனுப்பினேன். இருபத்திரண்டு சிடி. அனுப்பியதில் எனக்கு ஒரு துளியும் வருத்தமில்லை. வருத்தமில்லாததுதான் வீடு வரைக்கும் உறுத்திக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அவளிடம் சொன்னேன். என் பக்கத்தில் இடம் காலியாகிவிட்டது, பியானோ பெட்டியை நான் வாங்கிக்கொள்கிறேன், நாளைக்கு உன் தங்கை வருவதற்குள் முடித்துவிடலாம் என்றேன். பன்னிரண்டாவது சிடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் சத்தத்தைக் குறைக்கவில்லை.

"தரமாட்டேங்க," என்றாள்.

தங்கை கேட்டால் கொடுத்துவிடுவாயே என்றேன். கேட்கும்போது என் குரல் ஏறிவிட்டது.

"அவளுக்கும் தரமாட்டேன். வேணும்னா வந்து பக்கத்துல ஒக்காந்து கேட்டுனு போவட்டும். இது எனக்குப் புடிச்சிருக்குது."

அப்படிச் சொன்ன பிறகு அவளுக்கே முகம் சிவந்துவிட்டது. சின்னப் பெண் மாதிரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். புடவையை, நகையை, தூக்கத்தை, சூடான சோற்றைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் கொடுத்தே பழகியவள். அதை நல்ல குணம் என்று சொல்லிச் சொல்லி அதிகம் வாங்கிக்கொண்டவன் நான். எனக்கு என்ன பிடிக்கும் என்பது அவளுக்கு விரல் நுனியில் இருக்கிறது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கு வரைக்கும் என்னிடம் பதில் கிடையாது.

"கேக்கணும்னா ஒக்காருங்க," என்றாள். "நடுவுல பேசாதீங்க."

நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.