அளந்ததற்கு மேல் ஒரு பிடி

கொல்லிமலை தேவனூர் நாட்டில் எங்களுக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது. தரகரிடம் கொடுத்து அலுத்துப்போய், நாமக்கல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இணையத்தில் விலை போட்டேன். அரைக் கிலோ வரை கூரியருக்கு நாற்பது ரூபாய் என்றார்கள். அதையும் சேர்த்து, நானூறு கிராம் மிளகு முந்நூற்றுப்பத்து ரூபாய் என்று எழுதினேன். பத்துப் பேர் பணம் அனுப்பினார்கள்.

எங்கள் மலையில் எதை அளந்து கொடுத்தாலும் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவோம். கைப்பழக்கத்தில் பத்துப் பெட்டியிலும் போட்டு ஒட்டிவிட்டேன்.

கூரியர் ஆபீஸ்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். "ஏனுங்க, எல்லாமே அரைக் கிலோவைத் தாண்டுதுங்க. ஒரு கிலோ சார்ஜ்தான், பெட்டிக்கு எண்பது ரூவா ஆகுமுங்க" என்றார்.

எண்பது போனால் மிளகுக்கு இருநூற்று முப்பதுதான் மிஞ்சும்; தரகர் விலைகூட வராது. பெட்டியைப் பிரித்து ஒரு பிடி எடுத்துவிடச் சொன்னார். "வாங்கறவங்களுக்குத் தெரியவா போகுதுங்க?"

"போட்ட பிடியைத் திருப்பி அள்ளுற பழக்கம் எங்ககிட்ட இல்லீங்க" என்று சொல்லிப் பணத்தைக் கட்டினேன். மலையேறும் பஸ்ஸில், கூடுதலாகப் போன நானூறு ரூபாயைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போது பெட்டியையும் அந்தப் பிடியையும் சேர்த்து எடை பார்த்த பிறகே விலை எழுதுகிறேன். முந்நூற்றைம்பது கிராம், மேலே ஒரு பிடி. அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. விலையைக் குறைக்கவில்லை.

போன மாதம் ஒருவர், "கடையில் இதைவிட மலிவு" என்று எழுதியிருந்தார். "தாராளமாகக் கடையிலேயே வாங்குங்கள். எடை போட்டு முடித்ததும் மேலே ஒரு பிடி கேட்டுப் பாருங்கள்" என்று பதில் போட்டேன்.