கிள்ளான் குன்றில் விரித்த குடை

மலேரியாக் காய்ச்சலில் என் மகள் படுத்துக் கிடந்த நாட்களில், அவள் அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து கிள்ளான் மாளிகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். எழுந்து நடந்தால் கூட்டிப்போகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். எழுந்தாள். ரயில்வேயில் கிராணியாக, கணக்கெழுதும் வேலையில் இருக்கும் அவருக்கு அன்று டூட்டி விழுந்துவிட்டது. நானே அழைத்துப் போனேன்.

தலையில் வெயில் பட்டால் காய்ச்சல் திரும்பும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வீட்டை விட்டு இறங்கும்போதே கறுப்புக் குடையை விரித்தேன். ரயிலிலும் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். கைய எடுங்க" என்று சலித்துக்கொண்டாள்.

கிள்ளானில் துறைமுகப் பக்கமிருந்து உப்புக் காற்று வந்தது. முதலில், தவுக்கே என்று சொல்லும் ஒரு சீன முதலாளியின் வீடு. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள், சுவரெல்லாம் பூப்போட்ட ஓடுகள். "அந்தச் சிங்கத்துக்குப் பல்லு வலி போல" என்றாள் மகள். வெகு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள். அதற்காகவே இன்னும் பத்து வீடுகளைக் காட்டலாம் என்று, குன்றின் மேல் வெள்ளைக்காரத் துரைமார் பங்களாக்கள் இருந்த சாலையில் ஏறினோம்.

வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு பங்களாவின் வேலியோரம் தமிழர் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கீழே மோட்டார் சத்தம் கேட்டதும் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"தங்கச்சி, கொடைய மடக்கு. தொர வண்டி வருது."

என் விரல் குடைக் கம்பியின் விசைக்குப் போய்விட்டது. நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே துரை வந்தால் ஆண்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள், எல்லோரும் குடையை மடக்குவார்கள். கொட்டும் மழையில் என் அப்பா குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மிஷன் பள்ளியில் எத்தனையோ படித்தேன். விரல் மட்டும் அதை மறக்கவில்லை.

விரலை எடுத்தேன்.

"ஏண்ணே, ரோட்டையும் சேத்தா தொர வேலி போட்டிருக்காரு?"

"வம்பு வேணாம்மா. ஏச்சு எனக்குத்தான் விழும்."

வண்டி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. துரை தலையை நீட்டி, தமிழிலேயே கேட்டார்:

"நீ எந்தத் தோட்டம்?"

கூலிகளை ஏவுவதற்குக் கற்றுக்கொண்ட தமிழ். அதில் 'நீ' உண்டு, 'வா' உண்டு, 'போ' உண்டு. 'நீங்கள்' கிடையாது.

"எந்தத் தோட்டமும் இல்ல. ஊர் பாக்க வந்தோம்."

"கொடை மடக்கு."

மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒருவேளை சரியென்று தலையாட்டியிருப்பார். ஆனால் சொன்னால், அது அனுமதி கேட்டதாகிவிடும். என் பிள்ளையின் தலைக்கு நிழல் பிடிக்க நான் யாரிடம் கேட்க வேண்டும்?

"மடக்க மாட்டேன்" என்றேன்.

"உன் புருசன் எங்கே வேலை?"

அந்தக் கேள்வி எதற்கென்று புரிந்தது. இவர் ரயில்வே அதிகாரிகளோடு கிளப்பில் உட்காரும் மனிதர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் அடுப்பு அணைந்துவிடும். குடையை மகள் பக்கம் இன்னும் சாய்த்துப் பிடித்து, அவர் முகத்தையே பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தார். வண்டி பங்களாவுக்குள் திரும்பியது.

புல் வெட்டியவர் முண்டாசைக் கட்டிக்கொண்டே, "கெட்டிக்காரிதான், போ. சீக்கிரம் எறங்கிப் போயிரு" என்றார். திட்டினாரா பாராட்டினாரா என்று தெரியவில்லை.

இறங்கும்போது மகள் கேட்டாள், "ஏம்மா கொட ஆடுது?"

"காத்து."

"காத்தே இல்லையே."

இதை எழுதும்போதும் அந்தப் பயம் விடவில்லை. ஒவ்வொரு நாளும் என் கணவர் வேலைக்குப் போய்த் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "குடையை மடக்கியிருந்தால்தான் ஏன் என்று உன்னைக் கேட்டிருப்பேன்" என்றார். அவருக்கும் பயம்தான்.

அன்று பாதி வழி இறங்குவதற்குள் கடலிலிருந்து மேகம் ஏறி வெயிலை மூடிவிட்டது.

"நெழலாயிடுச்சும்மா. இப்ப மடக்கலாமா?"

"ஸ்டேஷன் வரைக்கும் மடக்கக் கூடாது" என்றேன்.

அவள் குடைக்குள்ளிருந்து எட்டி வானத்தைப் பார்த்தாள். பிறகு காம்பை என்னிடமிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டு நடந்தாள்.