ஊதாமல் வைத்திருந்த விசில்

ஹபீப் பாய் இறந்த செய்தி எனக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வந்தது. கொடைக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறை என் பொறுப்பு. வாரம் ஒருமுறை மலையிறங்கிக் காய்கறி வாங்கப் போவேன். முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது ஜோசப் போன் செய்தான். சுற்றுலா வேன் ஓட்டுபவன், எப்போதும் உரக்கப் பேசுபவன், அன்று மெதுவாகப் பேசினான். "அக்கா, பாய் போயிட்டாரு. வெள்ளனே தொழுதுட்டு வந்து கடை சாவிய எடுத்தவரு, அப்படியே உக்காந்துட்டாராம்."

சரி என்று சொல்லிவிட்டு, வாங்க வேண்டிய மிச்சத்தையும் வாங்கினேன். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். விடுதியில் ஆட்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். இந்த வயதில் இப்படிப்பட்ட போன்கள் அடிக்கடி வருகின்றன, அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. வண்டி மேலே வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் மனைவி மும்தாஜ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

பஜாரில் பாயின் கம்பளிக் கடை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்வெட்டர் வாங்கியிருப்பீர்கள், விலை கேட்டுத் தகராறும் செய்திருப்பீர்கள். பாதி விலைக்குக் கேட்பவரிடம், "பாதி ஸ்வெட்டர் தரட்டுமாங்க, எந்தக் கை வேணும்?" என்று கேட்பவர் அவர். ஆனால் மாயப் பொருள்களைக் கற்பனை செய்வது அவருடைய இன்னொரு சோலி என்பது, அவர் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்த எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் அதிகம் தெரியாது.

அந்தப் பின்னறைக்கு ஒரு விளையாட்டுதான் எங்களைக் கொண்டு சேர்த்தது. விடுதி அறையில் யாரோ விருந்தாளி மறந்து போன பை ஒன்று, கேட்க ஆளில்லாமல் எங்கள் அலமாரியில் கிடந்தது. உள்ளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம், சில பகடைகள். புரட்டிப் பார்த்தேன். ஒருவர் கதை நடத்த வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொருவராக இருந்து, அடுத்து என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். கதை நடத்துவது நான். ஆடுபவர்கள் பாய், ஜோசப், பூம்பாறையில் பூண்டு போடும் செல்வி. சீசன் இல்லாத மாதங்களில், செவ்வாய்க்கிழமை மதியம், கம்பளி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஆடுவோம். செல்வியின் பஸ்ஸுக்கு நேரமாகும்போது மும்தாஜ் திரையை விலக்கிக் குரல் கொடுப்பார். கதையில் ஓநாய் பாதிப் பாய்ச்சலில் இருந்தாலும் சரி, ஆட்டம் அங்கேயே நிற்கும்.

கதை இதுதான். மலைக்கு அந்தப் பக்கம் உப்பு விற்கப் போன கோவேறு கழுதைக்காரர்கள், ஊர் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்டார்கள். வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். வருடக்கணக்கில் சேரவில்லை. வழியில் அங்கங்கே மாயப் பொருள் வைத்த பெட்டிகள் கிடைக்கும். பாய் ஆடிய ஆள் முதல் நாளே பள்ளத்தில் விழுந்து செத்துப் போனான். வேறு ஆள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் மறுத்துவிட்டார். "ஒரு தடவ செத்தாச்சு தங்கச்சி, போதும். நீ கதையப் பாத்துக்க. பெட்டிக்குள்ள என்ன கெடக்குங்கறத நான் பாத்துக்கறேன்" என்றார்.

புத்தகத்தில் இருந்த மாயப் பொருள்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நெருப்பு கக்கும் வாள், கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் அங்கி. "இதுல ஒண்ணுக்காவது கஷ்டம் இருக்கா? சும்மா கெடைக்கிற பொருளுக்கு மருவாதி இருக்காது" என்பார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: பலன் பாதி, பாடு பாதி. அவர் முதலில் கொடுத்தது ஒரு குடை. அதை விரித்தால் சுற்றியுள்ள எல்லோருக்கும் மழை நின்றுவிடும், அந்த மழை முழுக்கக் குடைக்குள்ளே பெய்யும். யார் பிடிப்பது என்று ஜோசப்பும் செல்வியும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பாய்க்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை.

எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. பொருளின் தோற்றத்தை மட்டும் சொல்வார், அடையாளத்துக்குக் கடையில் கிடக்கும் பொத்தானோ நூல்கண்டோ எடுத்து முன்னால் வைப்பார். அது என்ன செய்யும் என்பது, பயன்படுத்துகிறேன் என்று நாம் சொன்ன பிறகுதான் தெரியும். கதை நடத்துகிற எனக்கும் முன்கூட்டிச் சொல்லமாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் பலிக்காது. அந்த விஷயத்தில் பிடிவாதக்காரர், கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் ஒருமுறை சொந்தமாக ஒரு மோதிரம் செய்து கதைக்குள் வைத்துவிட்டேன். இரண்டு செவ்வாய்க்கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

செல்விக்கு அவர் கொடுத்தது ஒரு பூண்டுச் சரம். ஒரு பல் மென்றால் ஒரு பயம் போகும். போன பயம் திரும்ப வராது, தேவையான பயமாக இருந்தாலும் வராது. செல்வி அசரவில்லை. ஒரே மதியத்தில் இருட்டுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று சரத்தையே மென்று தீர்த்துவிட்டாள். அதன்பிறகு அவளுடைய ஆள் எதற்கும் அஞ்சாமல் ஆற்றில் இறங்குவதும், நாங்கள் முடியைப் பிடித்து இழுப்பதுமாகக் கதை போயிற்று. "பொருள வாங்கினா இந்தத் தாயி மாதிரி செலவழிக்கணும்" என்று பாய் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிச் சொன்னது ஜோசப்பைக் குத்திக் காட்டத்தான். இந்த ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நல்ல பொருள் கிடைத்தால், இதைவிடப் பெரிய ஆபத்து வரும், அப்போது உதவும் என்று மூட்டையில் போட்டு வைப்பார்கள். அந்தப் பெரிய ஆபத்து எப்போதும் அடுத்த வளைவில்தான் இருக்கும். ஜோசப்புக்கு இது முற்றிப் போயிருந்தது. எனக்கும் இல்லாமல் இல்லை. பாய் ஒரு பெருநாளுக்கு எனக்குக் கொடுத்த பச்சைச் சால்வை, அந்துருண்டையோடு என் பீரோவில் இருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து, "வெச்சுக் காப்பாத்த நான் என்ன லாக்கரா குடுத்தேன்?" என்று இருவரையும் சேர்த்தே திட்டுவார்.

பாய் கொடுத்த உடனே ஜோசப் பயன்படுத்தியது ஒரே ஒரு பொருளைத்தான். அவன் மனைவி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவர்களுடையது. அவன் பாயிடம், செத்தவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொருள் ஏதாவது பெட்டியில் வருமா என்று விளையாட்டுப்போலக் கேட்டான். அது விளையாட்டல்ல என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. சில வாரம் கழித்து ஒரு பெட்டியில் மரக்கிண்ணம் ஒன்று வந்தது. ஜோசப் அதில் கஞ்சி ஊற்றிக் குடிக்கிறேன் என்றான்.

பாய் மெதுவாகச் சொன்னார்: "அதுல எத ஊத்தினாலும், போனவுக கைமணம் இருக்கும். ஆனா பசி அடங்காது."

"ரொட்டியும் சம்பலும்" என்றான் ஜோசப். "அவ அரைக்கிற தேங்காச் சம்பல். உப்பு ஒரு கல்லு கூட." அன்று மும்தாஜ் திரையை விலக்குவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. மறுவாரம் ஜோசப்பின் ஆள் அந்தக் கிண்ணத்தை ஆற்றில் விட்டான்.

அதற்கப்புறம் வந்ததுதான் விசில். மூங்கில் விசில், சிவப்பு நூல் கட்டியது, ஒரே ஒரு தடவைதான் ஊத முடியும் என்றார். ஏதோ குழந்தை கடையில் விட்டுப்போன நிஜ விசிலையே ஜோசப்பின் கையில் வைத்தார். கிண்ணத்தைத் தந்தவர் தந்த விசில், சாதாரணமாக இருக்காது என்று ஜோசப் நம்பினான். பனிச்சரிவில் கழுதைகள் புதைந்து போயின, ஊதவில்லை. குகைக்குள் வழி அடைத்துக்கொண்டது, அப்போதும் ஊதவில்லை. போன மழைக்காலம் முழுக்கக் கழுதைக்காரர்கள் அந்த இருட்டுக் குகையில்தான் இருந்தார்கள். கடைசியாக ஆடிய செவ்வாய்க்கிழமையும் பாய் சலித்துக்கொண்டார். "ஏலே, ஊதித் தொலையேன்." அடுத்த வாரம் பார்க்கலாம் பாய் என்றான் ஜோசப். அதற்குள் செல்விக்குப் பஸ் வந்துவிட்டது.

துக்க வீட்டு வாசலில் அவன் என்னிடம் கேட்டது இதைத்தான். அந்த விசில் என்ன செய்யும் என்று உங்களிடமாவது சொன்னாரா அக்கா என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த மனிதர் தலைக்குள் மட்டும் இருந்த ஒன்று, அவரோடு போயே போய்விட்டது. நானே ஒரு பலனைக் கற்பனை செய்து சொல்லியிருக்கலாம். மோதிரம் செய்ததற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். இப்போது திருப்பிக்கொள்ளவும் அவர் இல்லை, எனக்கு மனம் வரவில்லை. கழுதைக்காரர்களைக் குகையிலேயே விட்டுவிட்டோம். யாரும் செவ்வாய்க்கிழமை என்ற பேச்சையே எடுக்கவில்லை.

மும்தாஜ், கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை வீட்டில் இருந்துவிட்டு, போன வாரம் கடையைத் திறந்தார். பின்னறையைச் சரக்கு வைக்க ஒழிக்க வேண்டும், உங்கள் பகடை, புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூவரும் போனோம். பாய் உட்காரும் மூட்டை அப்படியே குழிந்து கிடந்தது, அதன்மேல் யாரும் உட்காரவில்லை. பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். ஜோசப் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தான். "ஊதறேங்க்கா" என்றான். நான் தலையாட்டினேன். ஊதினான். காற்றுதான் அதிகம் வந்தது, சத்தம் கொஞ்சம்தான்.

மூன்று பேரும் அந்தக் குழிந்த மூட்டையைப் பார்த்தோம். இனிமேல் அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது எனக்கு அப்போதுதான் நன்றாக உறைத்தது. அடக்கத்தன்று வராத அழுகை அங்கே வந்தது.

சத்தம் கேட்டு மும்தாஜ் திரையை விலக்கினார். கையில் மடித்துக்கொண்டிருந்த சால்வை இருந்தது. ஜோசப்பின் கையைப் பார்த்தார்.

"அதுவா? அதுக்கு அவரு ஒண்ணுமே யோசிக்கலயே" என்றார். "என்னங்க வெச்சிருக்கீங்க அதுலன்னு நானே ஒரு நா கேட்டேன். 'ஒண்ணும் இல்ல புள்ள, யோசிச்சு யோசிச்சு அலுத்துப் போச்சு. எப்படியும் அவன் ஊத மாட்டான், ஊதறப்ப பாத்துக்கலாம்'னாரு."

செல்விதான் முதலில் சிரித்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம், மும்தாஜ்கூடக் கொஞ்சம். மற்றவர்கள் மூட்டையில் வைத்தே காக்கிறார்கள் என்று திட்டிய மனிதர், அந்த வியாதியை நம்பித்தான் கொஞ்சம் ஓய்வெடுத்திருக்கிறார். அவருக்கும் அலுக்கும் என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வாரா வாரம் போய், பெட்டியில் என்ன இருக்கிறது பாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.

ஜோசப் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நீங்க சொல்லுங்க அண்ணி. ஊதியாச்சு. என்ன ஆகும்?" என்றான்.

மும்தாஜ் எங்கள் ஆட்டத்தில் ஒருநாளும் உட்கார்ந்தவரல்ல. சால்வையை இன்னொரு மடிப்பு மடித்தார். "என்ன ஆகும், எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டியதுதான். செல்விக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. வெரசா கெளம்புங்க" என்றார்.

கதை நடத்துகிறவள் நான் என்பதால், முடிக்க வேண்டியதும் நான்தான். விசில் சத்தம் கேட்டுக் குகைச் சுவர் விலகியது என்றேன். வெளியே தெரிந்த பாதை பழகின பாதையாக இருந்தது. உப்பு மூட்டை இல்லாமல், கழுதைகள் இல்லாமல், கழுதைக்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்றேன். "பாதிப் பாடு என்னக்கா?" என்று செல்வி கேட்டாள். போனபோது இருந்த ஆளில் ஒருவர் குறைவு என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டாள்.

விசில் ஜோசப்பிடம் இருக்கிறது, வேனின் கண்ணாடியில் தொங்குகிறது. பகடைகளைச் செல்வி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டு போனாள். நான் பாய் நினைவாக எடுத்துக்கொண்டது என் பீரோவிலிருந்த பச்சைச் சால்வையைத்தான். இந்த வாரம் ஒட்டன்சத்திரத்துக்கு அதைப் போர்த்திக்கொண்டு போனேன். அடிவாரம் வரைக்கும் இதமாக இருந்தது. கீழே மார்க்கெட் வெயிலில் தோளில் சுமந்துகொண்டு திரிந்தேன், அதற்குள் ஒரு மூலையில் தக்காளிக் கறையும் ஆகிவிட்டது. பலன் பாதி, பாடு பாதி. மலையேறும்போது குளிர் வந்ததும் மறுபடி போர்த்திக்கொண்டேன்.